மாட்டக் கூடாத படங்கள்

மதராஸில் ஓவியக் கண்காட்சி வைத்தால் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். ஒரு பிரமுகர் ரிப்பன் வெட்டுவார். வந்தவர்கள் பிஸ்கட்டைக் கடித்தபடி, “இந்த நீலம் பேசுது சார்” என்பார்கள். நீலம் என்றைக்குப் பேசியது? நான் வரைந்த மூட்டை தூக்கும் கூலிக்காரர் யார் வீட்டு சோபாவுக்கு மேலேயோ போய்த் தொங்குவார். அந்த மனுஷர் தன் படத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். இப்படிச் சில கண்காட்சிகள் முடிந்ததும் எனக்கும் என் நண்பன் மணிக்கும் சலித்துப்போய்விட்டது. இனிமேல் படத்தில் இருக்கிறவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே கண்காட்சி வைப்பது, அதையும் அவர்களுக்கு நியாயம் கேட்கிற நேரமாகப் பார்த்து வைப்பது என்று சபதம் போட்டோம். கடற்கரை மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டு போட்ட சபதம்.

அந்தச் சபதம்தான் எழுபதுகளில் ஓர் ஐப்பசி மாதம் என்னைக் கேரளத்து மலையில் கொண்டுபோய் விட்டது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டம். அங்கே தொழிற்சங்கத்துக்காரர் செல்லையா என்பவர் மணிக்குப் பழக்கம். அவர் சொல்லியனுப்பிய சேதி இதுதான்: பேச்சியம்மாள் என்ற பெண்மணியின் புருஷன் தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளி. லயத்தில், அதாவது வரிசை வீட்டில், அவர் பேருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அவர் இறந்துபோனார். பேச்சியம்மாளும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே தோட்டத்தில் காய் எடுக்கிறார், ஆனால் தினக்கூலி. ‘இந்த அம்மாள் எங்கள் தொழிலாளியே இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்’ என்று மானேஜர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை லேபர் ஆபீசர் விசாரிக்க வருகிறார். ஆனால் போன தடவை வந்தபோது அவர் நேரே மானேஜர் பங்களாவுக்குப் போய், கோழிக்குழம்புச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, லயத்துப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் இறங்கிப் போய்விட்டாராம்.

“அவரை நிறுத்தணும்டா. நம்ம படம் நிறுத்தணும்” என்றான் மணி.

மணி பாலக்காட்டுக் கல்பாத்திக்காரன். மதராஸில் பாங்கு குமாஸ்தா, மீதி நேரத்தில் ஓவியன், எல்லா நேரத்திலும் புரட்சிக்காரன். முதலில் அவன் வீட்டுக்குத்தான் போனோம். அவன் அண்ணாவின் மனைவி, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் இலை போட்டுவிட்டார். மொளகூட்டலும் புளியிஞ்சியும். பருப்பும் தேங்காயும் சேர்ந்த அந்த மொளகூட்டலை மதராஸ் ஓட்டல்காரர்கள் ஒரு தடவை சாப்பிட்டால் சாம்பாரை மறந்துவிடுவார்கள். நான் மூன்றாம் தடவை சாதம் கேட்டபோது மன்னிக்கு ஒரே சந்தோஷம்.

“மணியாக்கும் உங்களைக் கூட்டிண்டு போறான்? நன்னா சாப்பிட்டுக்கோங்கோ. அவனை நம்பிப் போனா வழியிலே ஒண்ணும் கிட்டாது” என்றார்.

“மன்னி, நாங்க போறது போராட்டத்துக்கு” என்றான் மணி முகத்தைச் சுளித்துக்கொண்டு.

“பின்ன என்ன? போராட்டக்காராளுக்கு வயிறு இல்லையோ?”

மன்னி கட்டிக்கொடுத்த புளியோதரையோடு மறுநாள் வேனில் ஏறினோம். வேன் கொழிஞ்சாம்பாறை பழனிச்சாமியுடையது. மனுஷர் தங்கம். வேன் அப்படியில்லை. மேட்டைக் கண்டால் இருமும், பள்ளத்தைக் கண்டால் ஓடும். தேனி தாண்டும்வரை அதை நான் இரண்டு முறை தள்ளினேன். மணி ஒரு முறைகூடத் தள்ளவில்லை. படப்பெட்டியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

மலையடிவாரச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். அப்போதெல்லாம் தமிழ்நாட்டு அரிசியைக் கேரளத்துக்குள் கொண்டுபோகத் தடை. மலையேறும் வண்டி ஒவ்வொன்றையும் குடைந்து பார்ப்பார்கள்.

“பெட்டியில என்ன, அரிசியா?” என்றார் போலீஸ்காரர்.

“சித்திரக் காகிதம், வர்ணம். நாங்கள் கலைஞர்கள்” என்று மணி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். அரிசி கடத்துகிற ஆளாகத் தன்னைப் பார்க்கிறார்களே என்று அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அரசாங்கம், வர்க்கம், அடக்குமுறை என்று ஆரம்பித்து ஒரு சின்னப் பிரசங்கமே செய்தான். அதைக் கேட்டபடியே போலீஸ்காரர் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, அடியிலிருந்து ஒரு துணிமூட்டையை வெளியே எடுத்தார். அவிழ்த்தால் வெள்ளைவெளேரென்று பொன்னி அரிசி!

பழனிச்சாமி தலையைச் சொறிந்தார்.

“ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. நம்ம கொழுந்தியா மேல பூப்பாறையில இருக்குதுங்க. அங்க ரேசன்ல புழுத்த அரிசி போடறாங்கன்னு அழுவுதுங்க. கலைஞருங்க பெட்டியத் தொறக்க மாட்டாங்கன்னு நெனச்சுட்டனுங்க.”

“படம் போகலாம், அரிசி போகாது” என்று தீர்ப்புச் சொல்லி மூட்டையை எடுத்துவைத்துக்கொண்டார் போலீஸ்காரர். அத்தனை கொண்டைஊசி வளைவு ஏறி முடிக்கும்வரை மணி வாயைத் திறக்கவில்லை. அதற்காகவே அந்தக் கொழுந்தியாளுக்கு நான் நன்றிக்கடன்பட்டவன்.

மெட்டுக்கு மேலே போனதும் மூடுபனி, மலைக்காரர் பேச்சில் மஞ்சு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மணியின் மூக்குக்கூடத் தெரியாத அளவுக்கு மஞ்சு. பழனிச்சாமி தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார். எஸ்டேட் ரோடு பிரிகிற வளைவில் ஒரு டீக்கடை. நடத்துபவர் மலையாளி, எல்லோருக்கும் சேட்டன். கண்காட்சிக்குத் தோட்டத்தில் இடம் தர மானேஜர் மறுத்துவிட்டதால், இந்தக் கடைச் சுவர்களில்தான் படம் மாட்டுவதாக ஏற்பாடு. சேட்டன் கொடுத்த, பால் விடாத கட்டன் சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டு, சுற்றிலும் ஏலக்காடாக இருக்கிறதே, இதில் ஒரு ஏலக்காய் தட்டிப்போட்டால் என்ன என்று கேட்டேன்.

சேட்டன் மலையாளத்தில் சொன்ன பதிலை மணி மொழிபெயர்த்தான்: “ஏலக்காய் போட்ட டீ வேண்டுமென்றால் மதராஸுக்குப் போக வேண்டுமாம். இங்கே விளைவதெல்லாம் அங்கேதான் போகிறதாம்.”

ஆனால் அவர் கொடுத்த கப்பையும் மீன் குழம்பும் இருக்கிறதே! மரவள்ளிக்கிழங்கை நம் ஊரில் ஏதோ பஞ்ச காலத்துத் தீனி போலப் பார்க்கிறோம். இங்கே அதை வேகவைத்து, தேங்காயும் காந்தாரி மிளகாயும் அரைத்துப் பிசைந்து, குடம்புளி போட்ட மீன் குழம்போடு கொடுக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வரவரத் தின்றேன்.

செல்லையா எங்களை லயத்துக்கு அழைத்துப்போனார். மதுரைப் பக்கத்து மனுஷர், ஒல்லி, சத்தம் மட்டும் பெரிது. “இவுகதான்யா பேச்சியக்கா” என்றார். நான் அழுத முகமாக ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். பேச்சியம்மாள் கோடரியால் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழம வரைக்கும் எரிக்க வெறகு வேணும்ல தம்பி? அதுக்கு அங்கிட்டுத் தெருவுல நின்னா வெறகு எதுக்கு?” என்று சொல்லி அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலைக்குக் கீழே போடியில் அவருக்கென்று யாரும் இல்லை. மலையில் இந்த ஓர் அறைதான். பிறந்ததே பக்கத்துத் தோட்டத்தில் என்றார்.

அடுத்த இரண்டு நாளும் சாயங்காலம் வேலை முடிந்து வருகிற பெண்களை லயத்து வாசலில் உட்காரவைத்து வரைந்தோம். மானேஜர் கணக்கில் இல்லாத தினக்கூலிப் பெண்கள் எல்லோரையும் வரைவது, கீழே அவர்கள் பேரையும், எத்தனை காலமாக இங்கே வேலை செய்கிறார்கள் என்பதையும் ஆபீசருக்குப் புரிகிற மலையாளத்தில் எழுதுவது என்று திட்டம். மணிக்கு உள்ளதை உள்ளபடி வரைய வேண்டும். சேறு படிந்த கால், கிழிந்த சேலை, ஏலச்செடிப் பால் பட்டுக் கறுத்த விரல். பெண்களோ முகம் கழுவி, பவுடர் பூசி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். மணி தலையில் அடித்துக்கொண்டான்.

மாரியம்மாள் என்ற சின்ன வயதுப் பெண் என்னிடம் உட்கார்ந்தாள்.

“அண்ணே, காதுல கல்லுவச்ச கம்மல் போட்டு வரைங்க.”

“காதில் கம்மல் இல்லையே அம்மா?”

“இருந்தா உங்கள எதுக்குக் கேக்கேன்? போட்டுக்கிட்டே வந்திருப்பேன்ல?”

போட்டேன். நன்றாகப் பெரிய கல்லாகவே வைத்துப் போட்டேன். மணி என்னைத் துரோகி என்றான்.

சனிக்கிழமை விடிந்தது. படங்களை அட்டையில் ஒட்டி, மூங்கில் சிம்பால் சட்டம் கட்டி டீக்கடைச் சுவர்களில் மாட்டினோம். அப்போதுதான் மணிக்கு அந்த யோசனை வந்தது. “அரசியல்வாதி படத்துக்கு மாலை போடறா. சினிமாக்காரன் கட்அவுட்டுக்கு மாலை போடறா. உழைக்கிறவாளுக்கு ஏன் போடப்படாது?” எனக்கும் புல்லரித்துவிட்டது. மதராஸில் உயரமான கட்அவுட்டுகளுக்கு ஏணி வைத்து மாலை போடுவதைத் தினம் பார்த்து வளர்ந்தவன் நான். பழனிச்சாமி உடனே போடிக்கு இறங்கிக் கூடை நிறையச் செவ்வந்தி வாங்கிவந்தார். நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து கட்டினோம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மாலை. போதாக்குறைக்கு மணி ஒவ்வொரு நெற்றியிலும் குங்குமப்பொட்டு வேறு வைத்தான். தள்ளிநின்று பார்த்தபோது எங்களுக்கே பெருமை தாங்கவில்லை.

லயத்துப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். முதலில் உள்ளே நுழைந்தவள் மாரியம்மாள். தன் படத்தைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். பொட்டைப் பார்த்தாள்.

“ஐயய்யோ! என்னயக் கொன்னுபுட்டாகளே!”

அந்த அலறலில் சேட்டன் கையிலிருந்த டீ, பாய்லர் மேல் கொட்டிப் புஸ்ஸென்றது. பின்னால் வந்தவர்களும் அவரவர் படத்தைப் பார்த்து அலற ஆரம்பித்தார்கள். கூடவே வந்திருந்த மாரியம்மாளின் புருஷன் மணியின் சட்டையைப் பிடித்துவிட்டான். “உசுரோட நிக்கவள செவுத்துல மாட்டி மால போட்டுருக்கியே, நீ வெளங்குவியா?”

பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அந்த லயத்து வீடுகளில் சுவரில் தொங்குகிற மனுஷப் படம் என்றால் அது இறந்தவர் படம் ஒன்றுதான். வேறு எவர் படமும் ஏறாது. கட்அவுட்டெல்லாம் பட்டணத்துச் சமாசாரம். ஒருத்தி மாலையைப் பிய்த்தெறிந்தாள். ஒருத்தி தன் படத்தைச் சுற்றி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். ஒருத்தி பொட்டைக் கழுவச் செம்புத் தண்ணீரோடு வந்தாள்.

“அய்யோ, தண்ணி விடாதேங்கோ! வாட்டர் கலராக்கும்!” என்று மணி குறுக்கே விழுந்தான்.

ஒரு நிமிஷத்தில் சுவர்கள் காலி. செல்லையா நெற்றியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆபீசர் வரும் நேரம் நெருங்கிவிட்டது. கண்காட்சியும் போச்சு, நாங்கள் பட்ட பாடும் போச்சு. பேச்சியம்மாளைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. நாளைக்கு அந்த அறை அவருக்கு இல்லை. அவரோ தன் படத்திலிருந்து மாலையைப் பதறாமல் கழற்றிவைத்துவிட்டு, முந்தானையால் பொட்டைப் பக்குவமாக ஒற்றி எடுத்தார்.

“ஏண்டி கத்துறீக? மாட்டுனாத்தான குத்தம். கையில வச்சிருந்தா என்ன குத்தம்? வாங்கடி ரோட்டுக்கு” என்றார்.

அவர் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றார். மாரியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு அவர் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் போய் நின்றார்கள். வளைவை அடைத்து இரண்டு வரிசை. ஒவ்வொரு முகத்துக்கும் கீழே அதே முகம் இன்னொன்று. நான் எத்தனையோ கண்காட்சி பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றை எங்கேயும் பார்த்ததில்லை.

ஜீப் வந்தது. ஆபீசர் இறங்கவில்லை, தலையை மட்டும் நீட்டினார். மலையாளத்தில், “என்ன இது, வேலைநிறுத்தமா?” என்றார்.

“இல்லீங்கய்யா, கண்காட்சி” என்றார் செல்லையா.

“ரோட்டிலா?”

“சொவத்துல மாட்டக் கூடாதாம்யா. அதான்.”

ஆபீசருக்கு ஒன்றும் புரியவில்லை. வரவேற்க வந்த மானேஜரின் காரும் எதிர்ப்பக்கம் வந்து மாட்டிக்கொண்டது. வழி இல்லை. வேறென்ன செய்வார்? இறங்கினார். இறங்கினவர் படத்தைப் பார்க்காமல் போக முடியுமா? பார்த்தார். படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். கீழே எழுதியிருப்பதைப் படித்தார். மாரியம்மாளிடம் வந்ததும் நின்று, “கம்மல் எங்கே?” என்று அரைத்தமிழில் கேட்டார்.

“அது படத்துல மட்டுந்தாங்கய்யா இருக்கு.”

அவர் சிரித்துவிட்டார். ரோடே சிரித்தது, மானேஜரைத் தவிர.

பேச்சியம்மாள் முன்னால் ஆபீசர் வந்தபோது மானேஜர் இங்கிலீஷில் குறுக்கிட்டார். இந்த அம்மாள் தோட்டத்துக்காரி இல்லை, உறவுக்காரர் வீட்டுக்கு வந்து போகிறவள் என்றார். ஆபீசர் படத்தின் கீழே மணி எழுதியிருந்ததைப் படித்தார். பேச்சியம்மாளின் கைவிரல்களைப் பார்த்தார். பிறகு அவரிடமே கேட்டார்: “படம் நல்லா இருக்கே. எதுக்கு ரோட்டில் பிடிச்சு நிக்கணும்? வீட்டுச் சுவரில் மாட்டலாமே?”

பேச்சியம்மாள் படத்தை இறக்கவில்லை.

“உசுரோட இருக்கவுக படத்த மாட்டக் கூடாதுங்கய்யா. நான் செத்தப்புறம் மாட்டுவாக. மாட்டணும்னா ஒரு செவுரு வேணும்லய்யா? எம்புருசன் படம் தொங்குற செவுருதான் எனக்கு இருக்கு. அதத்தான் நாளைக்குப் பிடுங்கப்போறாக.”

செல்லையா மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். வேண்டாம் என்று ஆபீசர் கையைக் காட்டினார். புரிந்துவிட்டது போலிருக்கிறது. என் பக்கத்தில் மணி மூக்கை உறிஞ்சினான்.

“அந்தச் சுவரைக் காட்டுங்க” என்றார் ஆபீசர்.

“சார், பங்களாவில் சாப்பாடு ஆறிவிடும்” என்றார் மானேஜர்.

“ஆறட்டும்.”

லயத்துக்கு நடந்தே போனோம். ஆபீசர் முன்னால், படங்கள் பின்னால். பேச்சியம்மாளின் அறை, பாய் விரித்தால் அடுப்புக்கு இடமில்லாத அறை. சுவரில் அவர் புருஷன், போடி ஸ்டூடியோவில் பெரிதாக்கிய போட்டோ, காய்ந்த பூ, சின்ன அகல் விளக்கு. அதன் பக்கத்தில் ஓர் ஆணி வெறுமனே இருந்தது.

“அந்த ஆணி?” என்றார் ஆபீசர்.

“எனக்குங்கய்யா. அவுகள மாட்டயிலயே பக்கத்துல ஒண்ணு அடிச்சுக்கிட்டேன்.”

ஆபீசர் வெளியே வந்து, ஜீப்பை அங்கேயே வரவழைத்து, பானெட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். விசாரணை முடிகிறவரை இந்த அறையை யாரும் தொடக் கூடாது. இங்கே படத்தோடு நின்ற அத்தனை பேரின் வேலையைப் பற்றியும் விசாரணை நடக்கும். மானேஜர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். செல்லையா போட்ட கோஷம் போடி வரைக்கும் கேட்டிருக்கும். சேட்டன் எல்லோருக்கும் டீ கொடுத்தார். கோழிக்குழம்பு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

அந்தப் படங்களை அடுத்து பாலக்காட்டில், பிறகு மதுரையில் என்று ஊர் ஊராக வைப்பதாக மணி பெரிய திட்டம் போட்டிருந்தான். திருப்பிக் கேட்டதும் பெண்கள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். “எங்க மொகத்த உங்ககிட்டக் குடுத்தா, நீங்க மறுபடியும் மாட்டி மால போடுவீக” என்றாள் மாரியம்மாள். ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. “நம்ம எக்ஸிபிஷன் முழுக்கப் போயிடுத்தேடா” என்று மணி புலம்பினான். “பெட்டி காலிங்களா? நல்லதாப் போச்சுங்க” என்று பழனிச்சாமி குஷியானார். அவர் மனசில் அடுத்த நடைக்கான அரிசி ஓடியது.

கிளம்பும்போது பேச்சியம்மாளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். மழை பிடித்திருந்தது. படத்தைச் சேலைக்கு நடுவே வைத்துத் தகரப் பெட்டியில் பூட்டிவிட்டாராம். காட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். மழைக்குத் தலையில் மடித்துப் போட்டிருந்த சாக்குக் கொங்காணியை உதறி, புருஷன் படத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த வெறும் ஆணியில் மாட்டினார். தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சுவரில் இறங்கியது.

“அது உங்கள் படத்துக்கென்று அடித்த ஆணி இல்லையா பேச்சியம்மா?” என்றேன்.

“அதுக்கு இன்னும் எம்புட்டோ காலம் கெடக்கு தம்பி” என்றார். “அதுவரைக்கும் கொங்காணி காய வேணாமா?”